மன்னிப்புப் பெற்ற பின்னும் அஞ்சுதல்

குற்றத்திற்கும் அச்சத்திற்கும் உள்ள உறவு தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு. குற்றம் செய்தானைப் பிறர் துரத்த வேண்டுவதில்லை. அவன் நெஞ்சமே அவனைத் துரத்தும். இஃது யாவரும் அறிந்தது. ஆயின் தாய் இறந்த பின்னும் சேய் உயிர் வாழ்தல்போல, குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னும் அச்சம் எஞ்சி நிற்றல் உண்டு. அதனைப் பற்றி நம் திருச்சபைகளிற் பேசுவார் அரியர். ஆதலின் அதுபற்றியே ஈண்டுச் சில கூறத் துணிந்தேன்.

யான் ஒரகடத்தை அடுத்த சிற்றூரினன். என் பாட்டனார் வேர்க்கடலை பயிரிட்ட மண்ணின்மேல் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகளின் மதில்கள் நிற்கின்றன. சென்ற கோடை விடுமுறையில், விடுதிக் கட்டணத்தின் பொருட்டு, அங்கே உதிரி உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரண்டு திங்கள் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தேன். வேலை எளியதே. இரும்புத் துண்டொன்றில் இட்ட துளை சரியான அளவுடையதா என்று கேஜ் கொண்டு சோதித்தல் வேண்டும். கேஜின் ஒரு முனை துளையுட் புகுதல் வேண்டும். மறு முனை புகுதல் கூடாது. பத்துத் துண்டுகளுக்கு ஒன்றைச் சோதித்துத் தாளிற் குறித்துக் கையொப்பமிடல் வேண்டும். மூன்றாம் ஷிப்டில் ஒருநாள், விடியற்காலை மூன்று மணிக்கு மேல், உறக்கம் தாங்கமாட்டாது ஒருமணி நேரம் ஒன்றையும் அளவாமலே தாளை மட்டும் நிரப்பிவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் யான் பட்ட பாட்டை என் சொல்வேன்! சூப்பர்வைசர் எவரை அழைப்பினும் என்னையே அழைப்பதாகத் தோன்றிற்று. உணவு செல்லவில்லை. ஏதேன் தோட்டத்து மரச்செறிவில் ஆதாம் ஒளிந்த கதையை ஓய்வுநாட் பள்ளியிற் கேட்டு, கடவுளிடமிருந்து ஒளிய இடமும் உண்டோ என்று நகைத்தவன் யான். இப்போது அடுக்கிய இரும்புப் பெட்டிகளுக்கு இடையே யானே ஒளிந்து திரிந்தேன்.

மூன்றாம் நாள் பொறுக்கலாற்றாது சென்று சொல்லிவிட்டேன். அவர் "அதனால் என்ன?" என்று கூறவில்லை. புறப்படவிருந்த லாரியை நிறுத்தி, பெட்டிகளை இறக்குவித்து, அத்தனை துண்டுகளையும் ஒன்றுவிடாது என்னையே அளக்கச் செய்தார். பதினொரு துண்டுகள் தவறாக இருந்தன. அளந்து முடித்தபின், "முடிந்தது தம்பி, இனி அதைப் பேசவேண்டாம்" என்றார்.

கதை இத்துடன் முடியுமாயின் யான் இதனை எழுதேன். மன்னிப்புப் பெற்றும் என் அச்சம் நீங்கவில்லை. அவர் வரும் வழியை விட்டு ஒதுங்கினேன். அவர் எது சொல்லினும் தலையாட்டினேன். தேநீர் இடைவேளையில் அவர் எழுந்து சென்றபின்பே சென்று அமர்ந்தேன். இதனைப் பணிவு என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தும் இருந்தேன். ஒருவாரம் கழித்து அவர் என்னை நிறுத்தி, "நான் விட்டுவிட்டேன், நீ இன்னும் விடவில்லையா?" என்று வினவினார். அவர் முகத்திற் கண்டது சினம் அன்று, வருத்தம். அதனை யான் சிறிதும் எதிர்பார்க்கவில்லை.

அன்றிரவுதான் ஆதியாகமத்தின் இறுதி அதிகாரம் எனக்கு விளங்கிற்று. யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற உடன்பிறந்தாரை அவர் எகிப்தில் அழுதுகொண்டே தழுவி மன்னித்தார். கோசேன் நாட்டிற் குடியேற்றினார். தந்தை யாக்கோபு அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்துணை ஆண்டும் யோசேப்பு இட்ட சோற்றை உண்டவர்கள், தந்தை இறந்தவுடன், "இனிப் பழிவாங்குவான்" என்று நடுங்கினர். தங்களை மன்னிக்குமாறு தந்தை இறக்குமுன் கட்டளையிட்டார் என்று சொல்லியனுப்பினர். அவ்வாறு யாக்கோபு கட்டளையிட்டதாக அந்நூலில் வேறெங்கும் காணோம். அச்சம் அவர்களை மீண்டும் பொய்யுரைக்கச் செய்தது போலும்! பின்னர்த் தாமே வந்து விழுந்து, உமக்கு அடிமைகள் ஆவோம் என்றனர். அச்செய்தி கேட்டு யோசேப்பு அழுதார். குழியில் இட்டவர்கள் அன்று செய்த கொடுமையினும், 17 ஆண்டுகள் தம் அன்பை நம்பாதிருந்த கொடுமை அவரை மிகுதியாக வருத்தியிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

"அச்சமே பாவத்தினின்று காக்கும் வேலி" என்று நம் கன்வென்ஷன் மேடைகளில் முழங்குவோர் உளர். அவர்தம் பக்தியை யான் ஐயுறேன். ஆயின் அக்கூற்றை ஒப்பேன். அச்சம் யோசேப்பின் உடன்பிறந்தாரைப் பொய்யராக்கிற்று. அச்சம் என்னை இரண்டு நாள் வாய்திறவாது வைத்தது. தவறான துண்டுகளோ லாரியேறக் காத்திருந்தன. "முடிந்தது" என்னும் சொல்லை நம்பியவனே தன் பிழையைக் கண்ணெடுத்து நோக்க வல்லன். பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்ச பிரயாண நூலிலும் இவ்வச்சத்தைக் காணலாம். சிலுவையடியிற் சுமை விழப்பெற்ற பயணி, கடைசி ஆற்றைக் கடக்கும்போது பழைய பாவங்களை நினைந்து நடுங்குகின்றான். அந்நடுக்கத்தைப் பக்தியின் சிறப்பாக அன்று, பயணியின் தளர்ச்சியாகவே பனியன் காட்டினார்.

மன்னிப்பை நாம் ஏன் நம்புவதில்லை? அஃது ஒத்திவைக்கப்பட்ட பழி என்றே நம் உள்ளம் கருதுகின்றது. எங்கள் கம்பெனிப் பேருந்து தொழிலாளரை ஏற்றச் செல்லும் திருப்பெரும்பூதூர் இதற்கு ஒரு மறுமொழி தருகின்றது. இராமாநுசர் பிறந்த அவ்வூரில், 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தியும் அவரோடு பத்துக்கு மேற்பட்டோரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். நினைவிடம் நெடுஞ்சாலையை அடுத்து நிற்கின்றது. கொலைவழக்கில் தூக்குத்தண்டனை பெற்ற நளினிக்கு உயிர்ப்பிச்சை வேண்டியவருள் ராஜீவின் மனைவியார் சோனியாவும் ஒருவர். 2000-இல் அத்தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. 2008-இல் மகளார் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குத் தாமே சென்று நளினியைக் கண்டார். (இங்கும் இடைப்பட்டவை 17 ஆண்டுகளே, அது தற்செயல், யான் அதில் மறைபொருள் தேடேன்.) தாமும் தம் தங்கையும் பல்லாண்டு வெகுண்டும் வருந்தியும் இருந்து, பின்னரே முற்றிலும் மன்னித்ததாக மகனார் ராகுல் 2018-இல் சிங்கப்பூரிற் கூறினார். பழிவாங்கக் காத்திருந்தோர் சிறைவாயிலுக்குச் சென்று உரையாடார்.

ஆயின் இதனையும் மறைத்தல் நேர்மையன்று: அவ்விரவிற் படுகாயமுற்ற பெண் காவல் அதிகாரி ஒருவர் குற்றவாளிகளின் விடுதலையை வெளிப்படையாக எதிர்த்தார். அவரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஒருவர் காயத்தை மற்றொருவர் மன்னித்தல் இயலாது. சட்டம் தன் வழியே சென்று, 2022-இலேதான் எஞ்சியோரைச் சிறையினின்று விடுவித்தது. மன்னிப்போ அதற்கு நெடுநாள் முன்னரே, நீதிமன்றத்தைக் கேளாமல், நிகழ்ந்திருந்தது. இத்துணை ஆண்டும் இத்துணைத் துயரும் கொடுத்துப் பெறும் ஒன்றை எளிய பொருளென்று எவர் சொல்வார்? சிலுவையில் வந்த மன்னிப்போ இதனினும் அரிய விலை கொண்டது. அதனைப் பெற்றுக்கொண்டும் ஞாயிறுதோறும் முதன்முறை கேட்பார்போல் நடுங்கி நிற்கும் நம்மைக் கண்டு, யோசேப்பைப் போல அழுவார் ஒருவர் உளர் என்பதை நாம் நினைப்பதில்லை.

சூப்பர்வைசர் என்னை வினவிய மறுநாள், தேநீர் மணி அடித்தபோது, அவர் அமர்ந்திருந்த மேசைக்குச் சென்றேன். கால்கள் சிறிது தயங்கின. அவர் பேசாது பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டார், அமர்ந்தேன். வேறு ஏதோ, கிரிக்கெட்டைப் பற்றி என்று நினைவு, பேசிக்கொண்டிருந்தோம்.