ரயிலும் கப்பலும் சந்திக்கும் ஏரிக்கரை

கடற்கரை இல்லாத நாட்டுக்கு பெட்ரோல் எப்படி வரும்? அண்டை நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, அந்த நாட்டின் வழியாக வர வேண்டும். ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா அப்படிப்பட்ட நாடு. அதற்கு வழிவிடும் அண்டை நாடு கென்யா. அந்த வழியில் உள்ள ஊர்தான் கிசுமு.

கிசுமு ரயில் நிலையம் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. பெயர்தான் ஏரி. பரப்பில் இலங்கைத் தீவைவிடப் பெரியது!

இந்தியர் போட்ட பாதை

மொம்பாசா துறைமுகத்தில் 1896-ல் தொடங்கிய ரயில் பாதை 1901-ல் இந்த ஏரியை எட்டியது. நீளம் சுமார் 930 கிலோ மீட்டர். பாதை போட 30,000-க்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளரை ஆங்கிலேயர் கொண்டு போனார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டனர்.

தண்டவாளம் முடிந்த இடத்தில் கப்பல் காத்திருந்தது. ரயிலில் வந்த சரக்கு கப்பலேறி உகாண்டா போயிற்று. உகாண்டாவின் பருத்தி அதே வழியில் வந்தது. ஊர் செழித்தது.

1931-ல் உகாண்டாவின் கம்பாலாவுக்கு நேர் ரயில் வந்துவிட்டது. ஆனாலும் ஏரி வழி ஓயவில்லை. 1960-களில் தண்டவாளம் பதித்த கப்பல்கள் வந்தன. சரக்குப் பெட்டி உருண்டு கப்பலிலேயே ஏறிக்கொண்டது. மூட்டையை இறக்கி ஏற்றும் வேலையே இல்லை!

ஏன் நொடித்தது?

கென்யா, உகாண்டா, டான்சானியா மூன்றும் ரயிலையும் கப்பலையும் கூட்டாக நடத்தின. 1977-ல் அந்தக் கூட்டு உடைந்தது. ஏர் ஒரு வீட்டுக்கு, மாடு ஒரு வீட்டுக்கு என்று பாகம் பிரித்த கதை ஆயிற்று. 1990-களில் ஆகாயத்தாமரை படர்ந்து துறையை அடைத்தது. சரக்கு லாரிக்கு மாறியது.

அதன் ஆபத்து 2008 தொடக்கத்தில் தெரிந்தது. கென்யாவில் தேர்தல் கலவரம். சாலை மறிக்கப்பட்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. உகாண்டா மக்கள் பெட்ரோலுக்குத் திண்டாடினார்கள்.

இனி என்ன?

மொம்பாசாவிலிருந்து புதிய ஸ்டாண்டர்டு கேஜ் ரயில் 2017-ல் நைரோபிக்கு வந்தது. 2019-ல் நைவாஷா வரை நீண்டது. ஸ்டாண்டர்டு கேஜ் பெட்டி பழைய மீட்டர் பாதையில் ஓடாது. ஆகவே, ஏரிக்குப் போகும் சரக்கை வழியிலேயே இறக்கி மாற்ற வேண்டும். பழைய பாதையைச் செப்பனிட்டு, 2021 டிசம்பரில் நைரோபி–கிசுமு பயணிகள் ரயிலை மீண்டும் விட்டார்கள்.

நிலையத்துக்குப் பெருமை கட்டடத்தால் வருவதில்லை. ரயிலை விட்டு இறங்கும் சரக்கு தாமதமில்லாமல் கப்பலேற வேண்டும். சாலை அடைபட்டால் ஏரி கைகொடுக்க வேண்டும். அப்போதுதான் அக்கரையில் அடுப்பு அணையாது.