எந்தப் பக்கம் கைதட்டுவது?

படித்த கல்லூரிகள் இரண்டும் மோதினால் மனம் என்ன செய்யும்?

இரும்பை ஒரு சிறிய ஊர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பையன் ஒருவன், திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. படித்தான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகள் அந்தக் கல்லூரிக்காகக் கூடைப்பந்து ஆடினான். பிறகு எம்.ஏ. படிக்க விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தான். அங்கேயும் இரண்டு ஆண்டுகள் ஆடினான். படிப்பு முடிந்தது. வேலையும் கிடைத்தது. ஒரு நாள் இந்த இரண்டு கல்லூரிகளும் மோதும் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறான்.

அவன் எந்தப் பக்கம் கைதட்டுவான்?

இது சின்ன விஷயம் என்று தோன்றும். ஆட்டம் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் அவன் படும் பாடு அவனுக்குத்தான் தெரியும். திண்டிவனத்துப் பையன் பந்தைக் கூடையில் போட்டால், இவன் கை தானாகத் தட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விழுப்புரத்து நண்பன் முறைக்கிறான். விழுப்புரத்துக்குக் கைதட்டினால், "பழசை மறந்துவிட்டாயா?" என்று திண்டிவனத்து நண்பன் கேட்கிறான். பேசாமல் இருந்தாலும் தப்பு. "இவனுக்கு எந்தப் பக்கமும் பற்று இல்லை" என்று இருவருமே சொல்லுவார்கள்!

பிறந்த வீடும் புகுந்த வீடும்

இந்தச் சங்கடம் ஆண்களுக்குப் புதிது. பெண்களுக்கு மிகப் பழையது.

ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு ஒன்று. புகுந்த வீடு ஒன்று. அண்ணனுக்கும் கணவனுக்கும் ஒரு பேச்சு முற்றினால், அவள் நடுவில் நிற்கிறாள். இரண்டு வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்று நினைக்கிறாள். அவளை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. பிறந்த வீட்டைப் புகுந்த வீட்டில் குறைத்துப் பேசுகிற பெண்ணைத்தான் ஊர் குறை சொல்லுகிறது.

கல்லூரிக்கும் அதே அளவுகோல் போதும். முதல் கல்லூரி பிறந்த வீடு. இரண்டாவது கல்லூரி புகுந்த வீடு. இரண்டின் மேலும் பற்று இருப்பது குற்றம் ஆகாது.

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பழமொழி வேறு ஆளுக்குச் சொன்னது. இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிறவனுக்கு அது பொருந்தும். இவன் லாபம் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் நன்றிக் கடன் பட்டிருக்கிறான். லாபக் கணக்கு வேறு, நன்றிக் கணக்கு வேறு.

ஒரு வகுப்பு, இரண்டு கட்சி

கூடைப்பந்து பிறந்த கதையே இதற்கு நல்ல சாட்சி.

1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். குளிர் காலம். வெளியே போய் விளையாட முடியாது. உள்ளேயே உடற்பயிற்சி செய்து செய்து மாணவர்கள் சலித்துப் போனார்கள். வகுப்பில் ஒழுங்கு கெட்டது. அவர்களுக்காகப் புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நெய்ஸ்மித்தின் தலையில் விழுந்தது.

அவர் பீச் பழக் கூடைகள் இரண்டைக் கொண்டுவரச் செய்தார். கூடத்தின் இரு முனையிலும் உயரத்தில் மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதினார். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது; ஆளைப் பிடித்துத் தள்ளக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. மாணவர்கள் முட்டி மோதிக் காயப்படக் கூடாது என்பதே அவருடைய கவலை.

வகுப்பில் பதினெட்டு பேர். கட்சிக்கு ஒன்பது பேர் என்று பிரித்து ஆடவிட்டார். அன்று ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. கூடைக்கு அடி இருந்ததால், உள்ளே விழுந்த பந்தை ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் ஆட்டத்தில் மோதிய இரண்டு கட்சிகளும் ஒரே வகுப்பு. ஒரே ஆசிரியரின் பிள்ளைகள். ஆடுவதற்காகப் பிரிந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே அறைக்குத் திரும்பினார்கள். அந்த ஆசிரியர் எந்தக் கட்சி வெற்றி பெற வேண்டும் என்று நினைத்திருக்க முடியும்?

மழையில் ஒரு சோதனை

அதே நெய்ஸ்மித்துக்கு, வயதான காலத்தில் இன்னும் பெரிய சோதனை வந்தது.

அவர் பிறந்த நாடு கனடா. மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு அமெரிக்காவுக்கு வந்தார். ஸ்பிரிங்ஃபீல்டிலும், அதன் பின் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலும் பணி செய்தார். 1925-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

1936-ல் பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதில்தான் கூடைப்பந்துக்கு முதன்முதலாக ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. நெய்ஸ்மித்துக்கு அப்போது வயது 74. அவர் பெர்லின் போய் வருவதற்கு, அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் மோதியவை எந்த நாடுகள் தெரியுமா? ஒன்று அமெரிக்கா. மற்றொன்று கனடா! ஒன்று குடியேறிய நாடு, மற்றொன்று பிறந்த நாடு.

ஆட்டம் திறந்த வெளியில், மண் தரையில் நடந்தது. மழை கொட்டியது. தரை சேறாகிவிட்டது. பந்தைத் தட்டினால் எழும்பவில்லை. கடைசியில் அமெரிக்கா 19, கனடா 8 என்று முடிந்தது. வெற்றி பெற்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் பதக்கம் கொடுத்து வாழ்த்தியவர் நெய்ஸ்மித்தான்.

இரண்டு பக்கமும் வேண்டியவர் என்பதால் அவரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. அதனாலேயே அவர் இரண்டு பக்கத்துக்கும் பதக்கம் கொடுக்கத் தகுந்தவராக இருந்தார்.

தாய் தந்தை போட்ட பூவா தலையா

பிள்ளைகள் எதிரெதிராக ஆடினால் பெற்றோர் என்ன செய்வார்கள்? 2019-ல் அதுவும் நடந்தது. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துப் போட்டி ஒன்றில் ஸ்டீபன் கரி ஒரு கோஷ்டியில் ஆடினார். அவருடைய தம்பி செத் கரி எதிர்க் கோஷ்டியில் ஆடினார். தாயும் தந்தையும் ஆட்டம் பார்க்க வந்தார்கள். யார் எந்த மகன் பக்கம் என்று நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தார்கள். இரண்டு கோஷ்டிகளின் சட்டையையும் பாதி பாதியாக இணைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள்!

பார்க்க வந்தவர்கள் இப்படி. ஆடியவர்கள் எப்படி? தம்பி, அண்ணன் கையில் இருந்த பந்தையே தட்டிப் பறித்தார். அண்ணனும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் கோஷ்டி நான்கு ஆட்டங்களிலும் வெற்றி பெற்றது.

இதுவும் ஒரு பாடம். மைதானத்தில் இறங்கி ஆடுகிறவனுக்கு அன்று ஒரே சட்டைதான். பழைய கல்லூரி என்று கை தளர்ந்து ஆடினால், அது புதிய கல்லூரிக்குச் செய்யும் துரோகம். பழைய கல்லூரிக்கும் அது அவமானம். முழு மூச்சுடன் ஆடுவதே எதிரிக்குக் காட்டும் மரியாதை. இரண்டு பக்கமும் கைதட்டும் உரிமை பார்க்கிறவனுக்குத்தான் உண்டு.

அந்த உரிமையை அமெரிக்க ஜனாதிபதியே பயன்படுத்துவது வழக்கம். அங்கே ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் 1890 முதல் கால்பந்துப் போட்டி நடந்து வருகிறது. ஜனாதிபதி இரண்டு படைகளுக்கும் தலைவர். அவர் ஆட்டம் பார்க்க வந்தால் முதல் பாதியில் ஒரு பக்கம் உட்காருவார். இடைவேளையில் மைதானத்தைக் கடந்து மறு பக்கம் போவார்.

யாழ்ப்பாணத்துப் 'போர்'

தமிழர்களிடையே இதற்குப் பெயர் பெற்ற இடம் யாழ்ப்பாணம்.

அங்கே மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி என்று இரண்டு உண்டு. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இவை பள்ளிக்கூடங்கள். இலங்கையில் பெரிய பள்ளிகளைக் கல்லூரி என்றே அழைப்பார்கள். இந்த இரண்டுக்கும் இடையே 1904 முதல் கிரிக்கெட் ஆட்டம் நடந்து வருகிறது. 'வடக்கின் பெரும்போர்' என்று அதற்குப் பெயர்.

பெயர்தான் போர். ஆயுதம் மட்டையும் பந்தும்! ஆட்டம் நடக்கும் நாட்களில் ஊரே இரண்டு நிறமாகப் பிரிந்துவிடும். மாணவர்கள் கொடி பிடித்துப் பாட்டுப் பாடி வருவார்கள். கனடாவிலும் லண்டனிலும் குடியேறிய பழைய மாணவர்கள், இந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே ஊருக்கு வருகிறார்கள்.

ஒரே குடும்பத்தில் இரண்டு கல்லூரியின் பழைய மாணவர்களும் இருப்பது அங்கே புதுமை இல்லை. அப்பா ஒரு கல்லூரி, மாமா மறு கல்லூரி என்றால் வீட்டில் கேலிக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே பந்தியில்தான் உட்கார வேண்டும்!

உண்மையான போர் வந்தபோது அந்த ஊர் பட்ட துன்பம் உலகத்துக்கே தெரியும். அதன் பிறகும் இந்த ஆட்டம் தொடர்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு போட்டி நீடிக்க வேண்டுமானால், எதிர்க் கட்சியும் நன்றாக வாழ வேண்டும். இது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

பகையாக மாறினால்?

தமிழ்நாட்டில் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சென்னையில் கல்லூரிப் பெயரைச் சொல்லிப் பேருந்திலும் ரயிலிலும் மாணவர்கள் மோதிக்கொண்ட செய்திகள் பல வந்திருக்கின்றன. 2024 அக்டோபரில், மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்டார். சில நாட்களில் மருத்துவமனையில் இறந்து போனார். அந்த வழக்கில் வேறொரு கல்லூரியின் மாணவர்கள் கைதானார்கள்.

ஒரு வீட்டில் பிள்ளையை இழந்தார்கள். மற்ற வீடுகளில் பிள்ளைகள் சிறைக்குப் போனார்கள். கல்லூரிக்கு என்ன பெருமை கிடைத்தது?

கல்லூரிப் பற்று நல்லது. ஆனால் எதிர்க் கல்லூரியை வெறுத்தால்தான் பற்று என்று ஒருவன் நினைக்கத் தொடங்கினால், ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. இரண்டு கல்லூரியிலும் படித்தவனுக்கு அந்த வெறுப்பு வராது. எதிர்ப் பக்கம் நிற்பவன் யார் என்று அவனுக்குத் தெரியும். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பகிர்ந்து தின்றிருக்கிறான். அவன் மேல் கல்லெறிய இவனுக்குக் கை வராது.

இரும்பையில் மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. கடுவெளிச் சித்தர் மனம் நொந்து பாடியபோது அங்கிருந்த சிவலிங்கம் வெடித்தது என்று தலக்கதை சொல்லுகிறது. வெடித்த லிங்கத்தை யாரும் தூக்கி எறியவில்லை. செம்பினால் கட்டி இணைத்தார்கள். அதற்குத்தான் பூசை நடக்கிறது. பிரிந்து நிற்கும் இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே, இரண்டிலும் படித்தவன் அந்தச் செம்பைப் போன்றவன்.

என்ன செய்யலாம்?

அப்படியானால், ஆட்டத்தன்று அவன் என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் ஒளிந்துகொள்ள வேண்டாம். போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு கல்லூரியிலும் படித்தவன் என்பதை மறைக்கவும் வேண்டாம். மனம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் சாயட்டும். அதில் வெட்கம் இல்லை. முதலில் படித்த கல்லூரியின் பக்கம் சாய்பவர்களும் உண்டு. கடைசியில் படித்த கல்லூரியின் பக்கம் சாய்பவர்களும் உண்டு.

மூன்று காரியங்களை மட்டும் செய்யக் கூடாது. யார் வெற்றி பெறுகிறார்களோ அவர்கள் பக்கம் ஓடக் கூடாது. ஒரு பக்கத்து நண்பர்களைத் திருப்திப்படுத்த மறு பக்கத்தைக் கேலி செய்யக் கூடாது. தோற்ற கல்லூரியின் பிள்ளைகளைப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. வெற்றி பெற்றவர்களைச் சுற்றி ஊரே நிற்கும். தோற்றவர்கள் தோளில் தட்டிக் கொடுக்க, அவர்களையும் தெரிந்த ஒருவன் வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியர்களும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதிர்க் கல்லூரி வராவிட்டால் மைதானத்தில் ஆட்டமே கிடையாது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது அல்லவா?