கடைசல் பட்டறையைத் தேடி

நெய்வேலி என்றதும் வெளியூர் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுபவை பிரம்மாண்டமான யந்திரங்களே. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருளொன்று வெளிப்பட்டது. 1956-இல் கம்பெனி ஏற்பட்டது; 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்தது. ஜெர்மானிய யந்திரங்கள் மண்ணை வாரின. ருஷ்யரின் துணையுடன் மின்சார நிலையம் எழுந்தது. ஆயினும், பழைய மோட்டார் சைக்கிளின் ஸிலிண்டரை இரண்டு மில்லிமீட்டர் குறைக்க விரும்பும் ஒருவருக்கு இவையெல்லாம் உதவமாட்டா. அவர் வடலூர், பண்ருட்டி என்று லேத் பட்டறைகளைத் தேடிச் செல்லத்தான் வேண்டும்.

ஸிலிண்டரை ஏன் குறைக்க வேண்டும்? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை எவ்வளவு நெருக்கி எரிக்கிறோமோ, அவ்வளவுக்கு அதிலிருந்து வேலை கிடைக்கும். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், அதன்மேல் எஞ்சும் இடம் 18 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சமம் என்று கொள்வோம். 108 என்பது 18-இல் அடங்குகிறது, விகிதம் 6. இரண்டு மில்லிமீட்டரைச் சீவிவிட்டால் 106 என்பது 16-இல் அடங்கும், விகிதம் 6.6-ஐத் தாண்டும்.

கணக்கு எளிது, காரியம் எளிதன்று. அளவு மிஞ்சினால் பிஸ்டன் வால்விலே மோதும். அல்லது கலவை தறிகெட்டு வெடித்து எஞ்சின் தட்டும். சீவிய முகம் துளைக்குச் செங்குத்தாக இராமல் மயிரிழை சாய்ந்தாலும் ஆவி கசியும். சீவிய இரும்பை மீண்டும் ஒட்டவைக்க எவராலும் இயலாது.

ஆகையால், "உடனே முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் ஸிலிண்டரை ஒப்படைக்கலாகாது. "பிஸ்டனையும் தலைப்பாகத்தையும் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்பவரே நமக்கு வேண்டியவர். லேத்தில் பொருத்தியதும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, முள் அசையாத பிறகே உளியை நெருங்கவிடுபவர் அவர். கூலி சற்றுக் கூடுதலாயினும் தயங்க வேண்டாம்.

இத்தகைய கைகள்தாம் ஒரு தேசத்தின் கைத்தொழிலை வளர்க்கின்றன. கோயம்புத்தூரைப் பாருங்கள். 1930களில் பைகாரா மின்சாரம் அங்கே எட்டியது உண்மை. ஆனால் மின்சாரம் மட்டும் வந்து என்ன பயன்? வார்க்கவும் கடையவும் அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்ட முடிந்ததன் இரகசியம் இதுவே. பெரிய யந்திரத்தைப் பணம் கொடுத்து வரவழைத்துவிடலாம். ஆயிரத்திலொரு பங்கை உணரும் விரலை எந்தக் கப்பலிலும் ஏற்றி வரவழைக்க முடியாது.

நம் வீடுகளிலோ, பையன் லேத்தில் நிற்கிறான் என்றால் பரீட்சையில் தவறியவன் என்றே பொருள் கொள்கிறோம். இவ்வெண்ணம் நீடித்தால், இன்று வடலூரில் கிடைக்கும் அந்தக் கை நாளை கோயம்புத்தூரிலும் கிடைக்காது. விடுமுறையில் குழந்தைகளை ஒருநாள் ஒரு நல்ல பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். மைக்ரோமீட்டரை அவர்கள் கையில் கொடுத்து, தங்கள் தலைமயிர் ஒன்றின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகளின் மதிப்பு அப்போது அவர்களுக்கும், ஒருகால் நமக்கும், விளங்கும்.