கிடக்கும் பாட்டில்

மதுக்கடையைப் பற்றி ஒரு பெண் வாய் திறந்தால் அவளை நோக்கி இரண்டு கேள்விகள் வரும். ‘நீ குடிப்பாயா?’ என்பது ஒன்று. ‘உன் வீட்டுக்காரர் குடிப்பாரா?’ என்பது மற்றொன்று. முதலாவது அவளுடைய ஒழுக்கத்தை விசாரிக்கிறது, இரண்டாவது அவளுடைய கண்ணீரை எதிர்பார்க்கிறது. ‘உன் தெருவில் கடை வைக்கலாமா என்று உன்னைக் கேட்டார்களா?’ என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நான் கூடுவாஞ்சேரிக்காரி. ஒரு கல்யாணத்துக்காக நாசிக் போயிருந்தபோது, தோழிகளோடு ஓர் ஒயின் ஆலையைச் சுற்றிப் பார்த்தேன். நாசிக் திராட்சைக்குப் பேர்போன ஊர். அங்கே சூலா நிறுவனம் 2005இல் திறந்த சுவைக்கூடம்தான் இந்தியாவில் இந்த வகையில் முதலாவது என்கிறார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்து ஆலைகள் பலவும் சுற்றுலாத் தலங்களாகிவிட்டன. நாங்கள் போன இடத்தில் குளிரூட்டிய நிலவறையில் மர பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. சுவரோரம் பாட்டில்கள் படுத்துக் கிடந்தன. ஏன் இப்படி என்று கேட்டேன். நிறுத்தி வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கிவிடும், காற்று உள்ளே போய் ஒயின் கெட்டுவிடும் என்றார் வழிகாட்டிப் பையன். பிறகு ஆளுக்கு ஐந்து கண்ணாடிக் கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொடுத்து, “என்ன வாசனை வருது மேடம்?” என்று கேட்டார்.

அங்கே உட்கார நாற்காலியும் சுத்தமான கழிப்பறையும் இருந்தன. யாரும் எங்களை ஏற இறங்கப் பார்க்கவில்லை. மது விற்கும் இடத்தில் ஒரு பெண்ணிடம் அபிப்பிராயம் கேட்பார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. நம் ஊரில் மதுக்கடை இருக்கும் தெருவில், வேலை முடிந்து ரயிலிறங்கி வரும் பெண்கள் எதிர்ப்புறம் மாறி நடக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, ‘நம் கடைகளையும் இப்படி நாகரிகமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது’ என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது தவறு. அந்தச் சுவைக்கூடத்தின் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் குனிந்து கொத்து வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களிடம் யாரும் வாசனை கேட்கப் போவதில்லை. காசு கொடுத்து வந்தவள் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

பாட்டிலின் மேல் பெண் பெயரை எழுத மட்டும் யாருக்கும் தயக்கமில்லை. சூலா என்பது நிறுவனரின் தாயார் சுலபாவின் பெயரிலிருந்து வந்தது. பிரான்சின் புகழ்பெற்ற ஷாம்பெய்ன் ‘வவ் கிளிக்கோ’வில் ‘வவ்’ என்றால் விதவை. பார்ப்-நிக்கோல் 1805இல் தன் 27ஆம் வயதில் கணவனை இழந்தபோதுதான் தொழில் அவர் கைக்கு வந்தது. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி மணமான பெண் கணவனின் அனுமதியில்லாமல் வணிகம் செய்ய முடியாது. விதவைக்கு அந்தத் தடை இல்லை. ஷாம்பெய்னைத் தெளியவைக்கும் முறையையே அவருடைய நிலவறை மாற்றியமைத்தது. இவ்வளவு திறமையுள்ள பெண் சுதந்திரமாகத் தொழில் செய்ய, கணவன் சாக வேண்டியிருந்தது.

நம் பக்கம் வருவோம். 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. 2023–24இல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 12,700 கோடி. அந்த ஆயிரத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். அது நம் உரிமை. ஆனால் வீட்டுக்கு வராமல் கடைக்குப் போகும் கூலியையும் சேர்த்துத்தானே கணக்குப் பார்க்க வேண்டும்?

‘கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்’ என்பார்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் விஷச்சாராயம் குடித்து மக்கள் செத்தபோது டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெண்களும் உண்டு. பெண்கள் குடிப்பது பப் கலாச்சாரம் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு அந்தப் பெண்கள் கண்ணில் படவே இல்லை.

கலாச்சாரக் காவலர்களின் வழியும் நமக்கு உதவாது. இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு தடை வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். ஆண்கள் குடிப்பதற்கு ஒரு தடையும் இல்லை. பெண்ணை விலக்கி வைத்ததால் அங்கே எந்தப் பெண்ணின் வீட்டில் அடி குறைந்தது?

போராடினால் பெண்கள் ஜெயிப்பார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு இயக்கத்தில் படிக்க வந்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை, 1995இல் முழு மதுவிலக்கு. 1997இல் கஜானா காலி என்று சொல்லி முழு மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். பெண்கள் தெருவில் நின்று வாங்கியதை ஆட்சியாளர்கள் ஒரு கையெழுத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் பெண்கள் கைக்கு வரவே இல்லை.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, அவற்றுக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். பெண்கள் மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலில் இருந்த ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. கருத்துச் சொல்ல வேறு வழி வைக்காத இடத்தில் அவள் சாலையில் உட்கார்ந்தாள்.

வழி இருக்கிறது. அதுவும் நான் ஒயின் குடித்துப் பார்த்த அதே மகாராஷ்டிரத்தில். அங்கே ஒரு கிராமத்திலோ வார்டிலோ பெண் வாக்காளர்களில் நால்வரில் ஒருவர் எழுதிக் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு படங்கள்: நிற்கும் பாட்டில், கிடக்கும் பாட்டில். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் கிடக்கும் பாட்டிலுக்கு வாக்களித்தால் கடையை மூட வேண்டும். இதிலும் ஓட்டை உண்டு. வாக்களிக்க வராத பெண்ணும் கடைக்கு ஆதரவானவள் போலவே கணக்காகிவிடுகிறாள். நாம் வாங்கும்போது அதைத் திருத்தி வாங்குவோம்.

நம் விதிகளில் என்ன இருக்கிறது? பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். பேரூராட்சியாக இருந்த நந்திவரம்–கூடுவாஞ்சேரி 2021இல் நகராட்சி ஆனது. ஊர் வளர்ந்ததற்குப் பரிசாகக் கடைக்கும் பள்ளிக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் பாதியாகிவிட்டது. சாமிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டேப் பிடித்து அளக்கிறவர்கள் பெண்ணுக்கு ஒரு வாக்கைக்கூட வைக்கவில்லை.

குடிக்கிற பெண்ணுக்கும் அந்த வாக்கு வேண்டும், குடிக்காதவளுக்கும் வேண்டும். ஒரு வார்டின் பெண்கள் கடை இருக்கட்டும் என்று முடிவெடுத்தால் இருக்கட்டும். வேண்டாம் என்றால் மறுநாள் பூட்டு. அடுத்த தேர்தலுக்கு வரும் கட்சிகளிடம் படிப்படியான மதுவிலக்கு என்ற பழைய வாக்குறுதியை இனிக் கேட்காதீர்கள், தோழிகளே. கடையை வைக்கவும் எடுக்கவும் பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டத்தைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் நகராட்சி உறுப்பினர் இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. கடை எங்கே வரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் அந்த நாற்காலிகளுக்கு இல்லை. உங்கள் வார்டு உறுப்பினர் ஒரு பெண்ணாக இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கும் வேலையை நாம் செய்து கொடுப்போம்.