முதலில் லேத், பிறகு டூல்

லூதியானா, ராஜ்கோட், கோவை என்று எங்கே லேத் பட்டறை வைத்திருந்தாலும், கார்பைட் டூல் மாட்டினால் உற்பத்தி பெருகும் என்ற ஆசை வரும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் கடினத்தை இழக்கும். கார்பைட் அதையும் தாண்டித் தாங்கும். ஆனால் வேகம் வேண்டும். 25 மி.மீ. எம்.எஸ். ராடை கார்பைட்டில் நிமிடத்துக்கு 120 மீட்டர் வீதம் கடைய, லேத் ஏறக்குறைய 1,500 சுற்று சுற்றவேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு 30 மீட்டர், 400-க்கும் குறைவான சுற்று போதும். பழைய பெல்ட் லேத்துகள் பலவற்றுக்கு 1,500 எட்டாக்கனி. பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் கார்பைட் முனை சில்லு சில்லாகப் பெயரும். அன்றைய லாபமும் அதோடு போகும். மழுங்கிய ஹைஸ்பீடு ஸ்டீலையோ சாணைக்கல்லில் தீட்டி மறுபடி மாட்டலாம். டூல் கடைக்குக் கிளம்புமுன் லேத்தின் வேகத்தையும் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.