உளைவும் உணவும்

திருவள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் மூலிகையின் பெயர் ஒன்றேனும் இல்லை. எப்போது உண்பது, எவ்வளவு உண்பது, எத்தகையதை உண்பது என்பவையே அங்குப் பெரும்பாலும் பேசப்படுகின்றன. அதன் முதற் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், உணவும் செயலும் ஒருவருடைய உடலுக்கு ஒத்த அளவில் அமையாது மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று விளக்கினார். மிகுதியால் வரும் நோயை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கின்றோம். குறைவாலும் நோய் வரும் என்னும் மறு பாதியை மறந்துவிட்டோம். முல்லைத்தீவுப் பெண்களின் உடல்நோவைப் பற்றி எண்ணும்போது அந்த மறு பாதியே நம் முன் வந்து நிற்கின்றது.

“உடம்பெல்லாம் ஒரே உளைவு, விடிய எழும்பேக்கையும் களைப்புத்தான்” என்று சொல்லும் தாய்மாரை வட்டுவாகலிலும் காணலாம், ஒட்டுசுட்டானிலும் காணலாம். இவர்கள் எல்லாருக்கும் ஒரே நோய் என்று கூறிவிட இயலாது. வயலிலும் கரையிலும் பட்ட பாட்டின் நோவு சிலருக்கு; இரத்தச்சோகையும் மூட்டுவாதமும் தைரொயிட்டுச் சுரப்பியின் குறைவும் வேறு சிலருக்கு. ஆயினும், எல்லாச் சோதனையும் செய்த பின்னர் “ஒன்றும் இல்லை” என்ற விடையோடு வீடு திரும்புவோரும் உளர். இரத்தத்தில் குறை தெரியாது. எக்ஸ்ரேயில் குறை தெரியாது. வலி மட்டும் போகாது. இத்தகையோருட் பலரைப் பற்றியிருக்கும் நோய்க்கு மருத்துவ உலகம் பைபுறோமயால்ஜியா என்று பெயரிட்டிருக்கின்றது. நாரிலும் தசையிலும் உண்டாகும் வலி என்பது அச்சொல்லின் பொருள். உலகில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரையில் இந்நோய் உடையவர்கள் என்றும், அவர்களுட் பெண்களே மிகுதி என்றும் மதிப்பிடுகின்றனர். நம் மாவட்டம் மட்டும் இதற்கு விலக்காக இருக்க நியாயம் இல்லை.

இந்நோயின் வரலாறு, நம்பப்படாதவர்களின் வரலாறு. 1904 இல் வில்லியம் கவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், நார்களில் அழற்சி உண்டாவதே இத்தகைய வலிக்குக் காரணம் என்று கருதி ஒரு பெயர் கொடுத்தார். தேடியோர்க்கு அந்த அழற்சி அகப்படவில்லை. அழற்சி இல்லையெனவே நோயும் இல்லை என்று பலர் முடிவு கட்டினர். 1990 இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி, உடலின் 18 இடங்களுள் 11 இடங்களிலேனும் அழுத்தியவுடன் நோவு எழுமாயின் இந்நோய் எனக் கொள்ளலாம் என்று விதி வகுத்தது. 2010 இல் களைப்பு, தெளிவு தராத நித்திரை, மறதி ஆகியவற்றையும் கணக்கிற் கொள்ளும் புதிய விதி வந்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதனை நீடித்த வலி நோய்களுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. மூளையும் நரம்பும் வலியை மிகைப்படுத்தி உணர்வதே இதன் அடிப்படை என்று இன்று கொள்கின்றனர். ஆகவே, நோயாளியின் வலி பாசாங்கு அன்று, மெய்யான வலி.

போரின் வடுக்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், நம் மக்களின் மனத்துயர் உடல்நோவாக வெளிப்படுவதைப் பல காலமாக எடுத்துக் காட்டி வந்திருக்கின்றார். 2004 இல் கடல் எழுந்து வந்த கரை இது. 2009 இல் போரின் இறுதி நாள்கள் கழிந்த மண் இது. இங்கே ஒரு பெண்ணின் உடல் உளைந்தால், அதற்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மனத்திலிருந்து வரும் நோவு பொய் நோவு என்று எண்ணுவது பெரும் பிழை.

இனி உணவுக்கு வருவோம். கைத்தொலைபேசித் திரையில் நாளொரு மாவும் பொழுதொரு தைலமும் விற்பனைக்கு வருகின்றன. இதை உண்டால் உளைவு ஓடிவிடும் என்று சொல்லாத விளம்பரம் இல்லை. உண்மை என்ன? இந்நோயை அறவே தீர்க்கும் உணவு ஒன்று இன்னும் நிறுவப்படவில்லை. உணவைப் பற்றி நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2017 இல் வெளியிட்ட பரிந்துரைகளில் ஐயமற வற்புறுத்தியது உடற்பயிற்சி ஒன்றையே. அப்படியானால் உணவு பயனற்றதா? அன்று. பசித்த உடலும் சோகை பிடித்த உடலும் நித்திரை கெட்ட உடலும் வலியைத் தாங்கும் வலு குன்றியவை. நோயைத் தீர்க்காவிடினும், நோயைத் தாங்குவதற்கான நிலத்தை உணவு பண்படுத்தித் தரும். அதற்கு மேல் வாக்களிப்பவர் வணிகர். அதனையும் மறுப்பவர் அறியாதவர்.

இங்கேதான் நம் ஊர்ப் பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. உளைவு என்றவுடன் நாம் முதலிற் செய்வது எதையாவது விலக்குவது. வாய்வு என்று பருப்பையும் பயற்றையும் விலக்குவோம். கிரந்தி என்று மீனையும் இறாலையும் விலக்குவோம். குளிர் என்று தயிரையும் பழத்தையும் விலக்குவோம். எஞ்சுவது யாது? வெள்ளைச் சோறு, சொதி, இனிப்பான தேநீர். புரதமும் இரும்புச் சத்தும் வேண்டி நிற்கும் உடலிலிருந்து அவற்றையே பறித்துவிட்டு, நோய் ஏன் தணியவில்லை என்று வியக்கின்றோம்! சித்த வைத்தியத்தை இகழ்வது என் நோக்கம் அன்று. தேர்ந்த வைத்தியர் நோயாளியைப் பார்த்து வகுக்கும் பத்தியம் வேறு. அயலவர் ஆளுக்கொன்றாகச் சொல்லி அடுக்கும் பத்தியம் வேறு. ஓர் உணவு வயிற்றைக் கெடுக்கின்றது என்ற ஐயம் எழுந்தால், அதனை மட்டும் இரண்டு மூன்று கிழமை நிறுத்திப் பார்க்கலாம். மாற்றம் இல்லையேல் மீண்டும் உண்ணலாம். ஒரே நாளில் பத்தையும் நிறுத்துவது பட்டினிக்கு மறுபெயர்.

பத்தியத்தினும் கொடிய வழக்கம் ஒன்று உண்டு. அடுப்படியில் நிற்பவள் கடைசியில் உண்கிறாள். பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் இட்ட பின் சட்டியில் ஒட்டியிருப்பதே அவள் பங்கு. முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிய நினைவை ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் நாம் போற்றுகின்றோம். அந்தக் கஞ்சியிலும் தன் பங்கைப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்த தாய்மார் பலர். அது அன்றைய தியாகம். இன்றும் அவள் அவ்வாறே உண்பது தியாகம் அன்று. நம் வீட்டு அநீதி.

அவள் என்ன உண்ண வேண்டும்? அயல்நாட்டுப் புட்டிகளைத் தேட வேண்டா. வேலியில் நிற்கும் முருங்கையின் இலையில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கின்றது. நம் கடலில் அகப்படும் சூடையும் நெத்தலியும் புரதத்தோடு நல்ல கொழுப்பையும் தருகின்றன. எள்ளும் உளுந்தும் பயறும் தவிடு நீக்காத அரிசியும் நம் முன்னோர் உண்டவை. மீனும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கை இலையும் கலந்த ஒடியற் கூழுக்கு ஈடான ஒரு வேளை உணவை எந்த மாப்புட்டி தரும்? தேநீரை உணவோடு பருகினால் இலைக்கறியின் இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும். இரவிற் பருகினால் நித்திரை குலையக்கூடும். நித்திரை குலைந்தால் மறுநாள் வலி மிகும். வெயில் நிறைந்த நாட்டிலும் உயிர்ச்சத்து ‘டி’ குறைந்தவர்கள் உளர். ஆதலின் அதனையும் இரத்தத்தின் நிலையையும் வைத்தியசாலையில் சோதித்து, குறை இருப்பின் வைத்தியர் சொல்லும் அளவில் மருந்து கொள்வதே முறை. உண்ட வலுவோடு நாள்தோறும் சிறிது நடப்பது உணவின் பயனைப் பெருக்கும்.

“மீன் விலை என்ன தெரியுமா?” என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் முட்டையும் பால்மாவும் ஏழையின் கைக்கு எட்டாப் பொருள்களாயின. அதன் தழும்பு இன்னும் ஆறவில்லை. கணவனை இழந்து தனியே குடும்பம் தாங்கும் பெண்ணிடம் சத்துணவைப் பற்றி உபதேசம் செய்வது எளிது. நம் நாட்டில் திரிபோஷா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் வழங்கப்படுகின்றது. நல்ல திட்டம்தான். ஆனால், பிள்ளை பெற்று வளர்த்து, நாற்பதும் ஐம்பதும் கடந்து, உடல் உளைந்து நிற்கும் பெண் அத்திட்டத்தின் கண்ணில் படுவதில்லை. தாயாகும் வரைதான் அவள் உடலுக்கு மதிப்பா? இக்கேள்வியை மாதர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் அதிகாரிகளிடம் எழுப்ப வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் கடமை உண்டு. உணவுச் சத்துகளைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவன், அன்று மாலை தன் தாய் என்ன உண்டாள் என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி பாடநூலின் பல பக்கங்களுக்குச் சமம்.

வள்ளுவர் அதே அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன். முதல் மூன்றும் நம் கையில் இல்லை. நான்காவது இடம் நம்முடையது. உளைகின்றது என்று அவள் சொல்லும்போது நம்புவதும், சட்டி காலியாகுமுன் அவளை இருத்திச் சோறு போடுவதும் அந்த இடத்துக்கு உரிய பணிகள். இன்று இரவே அதனைத் தொடங்கலாம்.