மயானத்துக்கு வழி எது?

அடி அண்ணாமலை போன்றதொரு சிற்றூருக்குப் புதிதாகக் குடிவந்தவர் வீட்டில் சாவு நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது 'சுடுகாடு எங்கே?' என்பதாகத்தான் இருக்கும். 'நீங்கள் எந்தத் தெரு?' என்பது ஊரார் பெரும்பாலும் திருப்பிக் கேட்கும் கேள்வி. இவ்விரண்டாம் கேள்வியைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

மலையைச் சுற்றிய பதினான்கு கிலோமீட்டர்ப் பாதை மரணத்தை மறைப்பதில்லை. எமலிங்கமும் ஈசானிய லிங்கமும் சுடுகாட்டை அடுத்தே இருக்கின்றன. 1922இல் தாயாரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது; 1950இல் ரமணரும் அங்கேயே சமாதியானார். துறவியரின் சமாதிகளை வெளிநாட்டார்கூட எளிதில் கண்டடைகின்றனர். உழுது வாழ்ந்த குடியானவரைப் புதைத்த நிலத்துக்குத்தான் வழி கேட்கவேண்டியிருக்கிறது.

கிராமத்தில் ஈமச்சடங்குக்கென்று தனி நிறுவனம் கிடையாது. பந்தலும் குளிர்பதனப் பெட்டியும் வாடகைக்கு வரும். பாடை கட்டுவதும் குழி வெட்டுவதும் உறவும் தெருவும் பார்த்துக்கொள்ளும். அரசு மருத்துவமனையில் இறந்தால் 155377 என்ற எண்ணில் அழைக்க இலவச அமரர் ஊர்தி உண்டு. மயானம் எதுவென்பது கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டில் புல எண்ணோடு இருக்கும். குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புதைக்கலாகாது என்று 1999ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகள் கூறுகின்றன. ஆக, நிலம் எதுவென்று அறிவது அரிதன்று. அந்நிலத்துக்குப் பிணம் போகும் பாதைதான் சிக்கல்.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தை இலக்கிய வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுடுவதும் புதைப்பதும் தாழியில் கவிப்பதுமாக எத்தனையோ முறைகள் அங்கே ஒரே மதிலுக்குள் நடந்தன. அங்கும் நினைவுக் கோட்டங்கள் வருணத்துக்கு ஒருவிதமாக எழுந்தன என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை. பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தைச் சற்று நிதானமாகப் படிப்பது நல்லது.

அவ்வேற்றுமை இன்று கட்டடத்தை விட்டுப் பாதைக்கு வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், வயல் வழியே செல்ல இடமில்லாததால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினர். அக்காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது; தனியே மயானத்துக்கென நிலமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதுவும் இன்னொரு தனி மயானமே அல்லவா? பொதுவழி திறந்ததா என்பதன்றோ கேள்வி! 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம், ஊர்தோறும் எல்லாச் சாதியார்க்கும் பொது மயானம் வேண்டும், சாதிப் பெயர்ப்பலகைகளை அகற்றவேண்டும் என்றது. வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையை அரசும் அறிவித்தது. கடமையைச் செய்வதற்குப் பரிசு தரவேண்டிய நிலையில் இருக்கிறோம்; தந்தாவது நடக்குமெனில் தரட்டும்.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாயிற்று. மனைப்பிரிவுகள் சுற்றுக் கிராமங்களின் வயல்களை விழுங்கிவருகின்றன. வரப்போடு சேர்ந்து வழக்கத்தால் மட்டுமே இருந்துவந்த பிணவழியும் வேலிக்குள் போய்விடும். எனவே மயானத்தை அளப்பதோடு நில்லாமல், அதற்குச் செல்லும் பாதையையும் அளந்து பொதுவழியெனப் பதிந்து, புல எண்ணை உள்ளாட்சி அலுவலக வாசலில் எழுதிவைக்கவேண்டும். மனைகளுக்கு அனுமதி அதன்பிறகு தரலாம்.